அங்காடி: ஒரு பழஞ்சொல்லின் பயணம்

இன்று இலங்கைப் பத்திரிகைகளில் 'அங்காடி' என்னும் சொல் பெரும்பாலும் இரு தொடர்களிலேயே தென்படுகின்றது. ஒன்று 'பல்பொருள் அங்காடி'. மற்றையது, வீதியோரத்தில் சாக்கு விரித்து விற்போரைச் சுட்டும் 'அங்காடி வியாபாரிகள்'. குளிரூட்டிய கடைக்கும் கூரையற்ற வணிகனுக்கும் ஒரே சொல் வழங்குகின்றது. இவ்விருவருள் அச்சொல்லுக்கு மூத்த உரிமையுடையவர் யார்?

சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சி, மதுரையில் பகலில் கூடிய நாளங்காடியையும் இரவில் கூடிய அல்லங்காடியையும் வருணிக்கின்றது. பூவும் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் விற்றோர், பொருள்களைச் சுமந்து திரிந்து விற்பவர்களாய், உயர்ந்த மாடங்களின் நிழலில் அமர்ந்திருந்தனர் என்பது அப்பாட்டுத் தரும் செய்தி. சிலப்பதிகாரம் காட்டும் புகாரில், மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, மரச்சோலையில் நாளங்காடி அமைந்திருந்தது. அங்கே காவற்பூதத்துக்குப் பலிபீடமும் இருந்தது. இந்திர விழாவின்போது மக்கள் அதற்குப் படையலிட்டனர்.

சோழர் காலத்தில் இச்சொல் அரசின் கணக்கிலும் ஏறியது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் 'திரிபுவனமாதேவிப் பேரங்காடி' என்ற பெயர் காணப்படுகின்றது. 'அங்காடிப்பாட்டம்' என்பது அங்காடியில் விற்போர் செலுத்திய வரியாகும்.

கன்னடத்திலும் தெலுங்கிலும் 'அங்கடி' என்றால் கடை. கேரளத்தில் அது இன்றும் சந்தையையே குறிக்கும்; கோழிக்கோட்டின் வலியங்காடி அதற்குச் சான்று. வைணவ உரைகளிலோ 'அங்காடி பாரித்தல்' என்பது ஆசை மிகுதியால் மனக்கோட்டை கட்டுவதைக் குறித்தது. கடை விரிப்பது போல் ஆசைகளை விரிப்பதென்பது எத்துணைப் பொருத்தமான உவமை!

அண்மைக் காலத்தில், 2010இல் வெளிவந்த 'அங்காடித் தெரு' என்ற தமிழகத் திரைப்படம், சென்னைத் தியாகராய நகரின் துணிக்கடைத் தொழிலாளர் துயரத்தை இச்சொல்லோடு பிணைத்தது.

ஆக, அங்காடி என்பது தொடக்கத்திலேயே சுவரும் கதவும் கொண்ட கட்டடத்தை மட்டும் குறித்ததன்று. மர நிழலிலும் மாட நிழலிலும் மனிதர் கூடி விற்ற வெளியும் அங்காடியே. நடைபாதை வணிகரை 'இடையூறு' என்று அகற்ற முனையும் நகர நிர்வாகங்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம். போக்குவரத்துக்கு ஒழுங்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பண்டைய நகரம் அவர்களுக்கு நிழல் தந்தது; காவலுக்குத் தெய்வத்தையும் வைத்தது. நாம் அவர்களுக்கு அப்பழம்பெயரை மட்டுமே விட்டுவைத்திருக்கின்றோம்.