15 புள்ளி, 8 முடிய

கோடை விடுமுறைக்கு வந்திருந்த மகள், ஏழு வயதுப் பேத்தியைக் 'கோடிங்' வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டாள். "இப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறா, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. இந்த வழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடிப் படித்தேன். படித்தது கடைசியில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றது.

கோடிங் என்பது ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்துக் கணினிக்குச் சொல்வது. அதைக் குழந்தைகளுக்கென்றே முதலில் யோசித்தவர்களில் முக்கியமானவர் சீமோர் பேப்பர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித அறிஞர். ஜெனீவாவில் குழந்தை உளவியல் மேதை பியாஜேயுடன் வேலை பார்த்தவர். அவரும் வாலி ஃபோர்சைக், சிந்தியா சாலமன் முதலியோரும் சேர்ந்து 1967-ல் அமெரிக்காவில் 'லோகோ' என்ற மொழியை உருவாக்கினார்கள். கணினியோ ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த காலம் அது!

சில ஆண்டுகளில் லோகோவுக்கு ஓர் ஆமை வந்து சேர்ந்தது. பேனா பொருத்திய சின்ன இயந்திரம் அது, தரையில் ஊர்ந்து கோடு போடும். 'முன்னே 100 போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு. இதை 4 தடவை செய்' என்றால் சதுரம் வந்துவிடும். குழந்தைக்குப் பிடிபடவில்லை என்றால், 'நீயே ஆமையாக நடந்து பார்' என்பது பேப்பர்ட் காட்டிய வழி. தப்பு வந்தால் அடி கிடையாது, மதிப்பெண் குறைப்பும் கிடையாது. எந்தப் படியில் பிசகியது என்று தேடித் திருத்த வேண்டும், அவ்வளவுதான். பிரம்புக்குப் பயந்து வாய்ப்பாடு ஒப்பித்த நம் தலைமுறைக்கு இது புதுசு.

இனி நம் பக்கத்துக் கதை. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. அவரும் ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரும் 1974-ல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலக் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம், சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் சின்னக் கோலம் அதே இனத்துப் பெரிய கோலமாக வளரும் என்று அதில் காட்டினார்கள். அது வெளியானது கணினி வரைகலைக்கான ஒரு பன்னாட்டு ஆய்விதழில்.

அதைப் படித்ததும் என் அம்மா நினைவுக்கு வந்தார். பள்ளிக்கூடமே போகாதவர். மார்கழி விடியலில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவர் கோலம் சொல்லிக் கொடுத்தது ஒரே வரியில்தான்: "பதினஞ்சு புள்ளி, ஊடுபுள்ளி, எட்டு முடிய." நடு வரிசையில் 15 வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து, 8 வந்ததும் நிறுத்த வேண்டும். எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 169 புள்ளிகள். எங்கே தொடங்குவது, எந்த விதிப்படி போவது, எப்போது நிறுத்துவது என்று மூன்றும் அந்த ஒரு வரிக்குள் இருந்தன. சிக்குக் கோலத்தில் கோடு வழி தவறினால், கலங்காமல் அந்த வளைவை மட்டும் அழித்துவிட்டு மறுபடி இழுப்பார். அதைக் கணக்கு என்றோ படிப்பு என்றோ அன்று நாங்கள் யாருமே சொன்னதில்லை.

இன்று குழந்தைகளுக்கு வசதிகள் பல. கட்டங்களை ஒன்றோடொன்று கோத்து விளையாடும் 'ஸ்க்ராட்ச்' 2007-ல் வந்தது, காசில்லாமலே கிடைக்கிறது. தமிழ்ச் சொற்களிலேயே கட்டளை எழுத முத்து அண்ணாமலை 'எழில்' என்ற மொழியை உருவாக்கினார். நல்ல முயற்சிகள்தான். ஆனால் வாசலில் ஒட்டுக் கோலம் வாங்கி ஒட்டிவிட்டு, பிள்ளைக்குக் கோடிங் வகுப்புக்கு மட்டும் பணம் கட்டினால், கையில் இருப்பதை விட்டுவிட்டு வெளியே தேடுகிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

மகளிடம் என் பேச்சை மாற்றிக்கொண்டேன். "சேர்த்துவிடு. அதுக்கு முன்னாடி உங்கம்மா அவளுக்குப் புள்ளி வைக்கச் சொல்லித்தரட்டும்" என்றேன்.

அன்று சாயங்காலம் களத்தில் நான்தான் ஆமை. "அப்புச்சி, அஞ்சு அடி முன்னாடி போங்க, வலது பக்கம் திரும்புங்க" என்று பேத்தி கட்டளை போட்டாள். முழங்கால் வலியோடு சொன்னபடி நடந்தேன். மூன்றாவது தடவை திரும்பச் சொல்ல மறந்துவிட்டாள். நேராகப் போய்த் திண்ணையில் முட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "நீங்க சரியாத்தான் வந்தீங்க அப்புச்சி, நான்தான் ஒன்னு விட்டுட்டேன். முதல்ல இருந்து வாங்க" என்றாள்.