குடத்தில் பிறந்த படைவீரர்

மனிதனை மனிதனே வேண்டியவாறு வார்த்தெடுத்தால் என்ன நேரும் என்னும் கேள்வியை ஆராய்ச்சிக்கூடங்களும் நூல்களும் மட்டுமன்று, ஒரு விளையாட்டுப் பலகையும் கேட்டிருக்கிறது. அமெரிக்காவில் சிக்காகோ நகரின் ஃபாசா என்னும் கம்பெனியார் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட போர் விளையாட்டொன்று, மறு ஆண்டில் பேட்டில்டெக் எனப் பெயர் மாறி, பின்னர்க் கதைநூல்களாகவும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளாகவும் பெருகிற்று. முப்பத்தோராம் நூற்றாண்டில், பேருருவ இயந்திரங்களுக்குள் வீரர் ஏறி அமர்ந்து பொருதுவதே அதன் பொருள். அவ்விரும்புருக்களை விரும்புவோர் விரும்புக. நாம் ஈண்டு ஆராயப் புகுவது, அவ்விளையாட்டின் நடுவே பின்னர் வந்து புகுந்த ‘குலத்தார்’ என்போரின் சரித்திரத்தையே. ஏனெனில், அதனை எழுதினோர் அமெரிக்கராயினும், அதில் வரும் ஒரு சொல் நமக்கு மிகப் பழையது. அச்சொல் ஜாதி.

கதைப்படி, மனித உலகங்கள் அனைத்தையும் ஒரு குடைக்கீழ் ஆண்ட நட்சத்திரக் கூட்டரசு 2571இல் தோன்றியது. 2766இல் ஸ்டெஃபான் அமாரிஸ் என்னும் துரோகி அதன் தலைவனைக் கொன்று அரியணையைப் பற்றினான். சேனாபதி அலெக்ஸாண்டர் கெரன்ஸ்கி பல்லாண்டு போரிட்டு 2779இல் பூமியை மீட்டார். மீட்டும் பயனென்ன? ஐந்து பேரரச வமிசத்தாரும் காலியான ஆசனத்திற்காக ஒருவரையொருவர் கடித்துக் குதறத் தொடங்கினர். மனம் வெறுத்த சேனாபதி, தம் படையின் பெரும்பகுதியைக் குடும்பங்களோடு கப்பலேற்றிக்கொண்டு 2784இல் யாருமறியாத் தொலைவிற்குச் சென்று மறைந்தார். எங்குச் சென்றாலும் மனிதன் தன் சண்டையையும் மூட்டை கட்டிக்கொண்டுதானே செல்கிறான்! புது நிலத்திலும் கலகம் மூண்டது. சேனாபதி 2801இல் மாண்டார். அவர் மகன் நிக்கொலஸ், தன்னைப் பின்பற்றியோரை வேறோர் உலகிற்கு அழைத்துச் சென்று, 2807இல் 800 வீரரை, குலத்திற்கு 40 பேராக, 20 குலங்களாக வகுத்தான்.

அத்தோடு நின்றானா? இல்லை. மக்களை ஐந்து ஜாதியாகவும் பிரித்தான். போர்வீரர் மேல், அவர்க்குக் கீழே விஞ்ஞானிகள், வணிகர், கம்மியர், எல்லோர்க்கும் அடியில் கூலிகள். ஒருவன் எந்த ஜாதி என்பதைச் சோதனையால் தீர்மானிப்பதாகச் சட்டம் செய்தான் என்பதை ஒளிக்காது சொல்லிவிட வேண்டும். நம் நாட்டு மனு அந்த மட்டும் கூடச் செய்யவில்லை. ஆனால் சட்டத்தின் வாயில் அகலமாயிருந்தாலும், அதன் பின்னே ஒரு சிறு கதவு பூட்டியே கிடந்தது. அஃது என்னவெனில், முதல் 800 வீரரின் வழிவந்தோருள் சிறந்தவர் மரபணுவைப் பாதுகாத்துவைத்து, ஒன்றோடொன்று கலந்து, இரும்புக் கருப்பையில் குழந்தைகளை உண்டாக்கினர். இவர்கள் மெய்ப்பிறவிகள். தாய் வயிற்றில் பிறந்த ஏனையோரெல்லாம் தன்பிறவிகள், அப்பெயரே வசைமொழியாயிற்று.

கௌரவர் நூற்றுவரையும் நெய்க்குடத்திலிருந்து எடுத்ததாகப் பாரதம் படிப்போர்க்கு இஃது அதிசயமாகத் தோன்றாது. ஆயினும் அக்குடத்துப் பிள்ளைகளுக்கும் காந்தாரி என்றொரு தாய் இருந்தாள். குலத்தாரின் பிள்ளைகளுக்கு அதுவுமில்லை. ஒரே கலப்பில் பிறந்தோர் ஒரு கூட்டமாக வளர்க்கப்படுவர். பயிற்சியில் தவறுவோர் ஒருவர் பின் ஒருவராகக் கழிக்கப்படுவர். ‘தாய்’, ‘தந்தை’ என்னும் சொற்கள் அவர்கள் செவிக்கு ஆபாசம். தொழிலுக்கேற்ப உடலும் வேறாக்கப்பட்டது: கவசம் பூண்டு காலாட்போர் செய்வோர்க்கு இராட்சத உடல், ஆகாயக் கப்பல் ஓட்டுவோர்க்குச் சிறிய உடலும் பெரிய தலையும். இவ்வளவு அரும்பாடுபட்டு ஆக்கிய வீரனுக்கு முப்பது வயது கடந்தாலே கிழவன் என்னும் பட்டம். நாற்பதுக்குள் புகழோடு சாகாவிடின் அவமானம்.

இவ்விடத்தில் என் ஆபீஸ் புத்தகம் ஒன்று நினைவிற்கு வருகிறது. தோட்டத்துக் கிராணியாகிய யான், எந்த நிரையில் எந்த ஒட்டு நட்டிருக்கிறது, எந்த ஆண்டில் நட்டது, எவ்வளவு பால் கொடுத்தது என்று எழுதிவருகிறேன். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ஒட்டைத் தோட்டத்தில் பிறந்த சிறுவனும் அறிவான். ஜாவாவின் ட்ஜிர் 1 மரத்தையும், பிராங் பெசார் தோட்டத்தின் பி.பி. 86 மரத்தையும் இணைத்துப் பெற்ற ஒரே தாய்மரத்தின் மொட்டுகளே அத்தனை இலட்சம் மரங்களும். (அந்தப் பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது.) ஒரு மரத்திற்கு ஒவ்வாத நோய் வந்தால், அஃது எல்லா மரத்திற்கும் ஒவ்வாது. பால் குறைந்தால் இருபத்தைந்து முப்பது ஆண்டில் வெட்டி, மறுநடவு செய்வர். மரத்திற்கு இது முறைதான். பாலைத் தவிர அதனிடம் நாம் வேறெதுவும் கேட்பதில்லை. ஆனால் மனிதனிடம் எதைக் கேட்பது என்று எவன் புத்தகத்தில் எழுதுவது?

எழுதத் துணிந்தோர் உண்மைச் சரித்திரத்திலும் உண்டு. நல்ல வித்தைப் பெருக்கும் இவ்வித்தைக்கு 1883இல் ஆங்கிலப் பெயர் சூட்டியவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன். அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம், ‘தகுதியற்றோர்’ எனப்பட்டோரைக் கட்டாயமாக மலடாக்கும் வர்ஜீனியா ராஜ்யத்துச் சட்டத்தை 1927இல் செல்லும் என்றது. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி 1933இல் இயற்றிய சட்டத்தால் ஏறத்தாழ 4 லட்சம் பேர் மலடாக்கப்பட்டனர். அதன் பின் அங்கு நடந்த கொலைகளை உலகம் அறியும். இவையெல்லாம் தொலைதூரத்துச் செய்தி என்று எண்ணற்க. சிங்கப்பூர் சர்க்கார் 1984இல், பட்டம் பெற்ற தாய்மார் மூன்றும் அதற்கு மேலும் பெற்றால் அப்பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை என்று திட்டம் வகுத்தது. அதே ஆண்டில், படிப்பும் வருமானமும் குறைந்த தாய்மார் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகளோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி என்றது. ஜனங்களின் எதிர்ப்புக் கிளம்பியது; பட்டதாரித் தாயார் திட்டம் 1985இல் கைவிடப்பட்டது. எதிர்த்தோருள் பட்டம் பெற்ற பெண்களும் இருந்தனர் என்பதை இங்குக் குறித்தே ஆக வேண்டும். சிக்காகோவில் மேற்சொன்ன விளையாட்டு வெளிவந்ததும் அந்த 1984இல்தான்.

இனிக் கதைக்கு வருவோம். குலத்தார் 3050இல் பழைய உலகங்களின் மேல் படையெடுத்து, மெய்ப்பிறவியின் வீரத்தால் ஊர் ஊராகப் பிடித்தனர். 3052இல் டுக்கய்யித் என்னும் உலகில், தாய் வயிற்றில் பிறந்த எதிரிகளிடம் தோற்று, 15 ஆண்டு மேலே வருவதில்லை என்று உடன்பட்டனர். அவர்களிடம் கைதியாய்ப் பிடிபட்ட ஃபீலன் கெல் என்னும் அயலான், அவர்கள் கலையையே கற்று, ஓநாய்க் குலத்தின் தலைவனாகவே உயர்ந்துவிட்டான். நூலாசிரியர்கள் இவ்வளவு வெளிப்படையாக எழுதியும், மெய்ப்பிறவியின் பெருமையைப் பேசி மகிழும் வாசகர் உளர். வேஷம் பார்த்து நாடகத்தை மறப்பது எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

இன்னும் நுட்பமானது, ராபர்ட் தர்ஸ்டன் எழுதிய ஏய்டன் என்பவன் கதை. 1991இல் வெளிவந்த நூல்களில் அது வருகிறது. ஏய்டன் ஜேட் ஃபால்கன் குலத்து மெய்ப்பிறவி. வீரனாகும் இறுதிச் சோதனையில் தோற்றுக் கம்மியர் ஜாதிக்குத் தள்ளப்பட்டான். பின்னர், இறந்துபோன தன்பிறவி ஒருவன் பெயரைத் தாங்கி மறுபடியும் சோதனைக்கு நின்று வென்றான். அவன் உடலில் ஓடிய இரத்தம் மாறவில்லை. கையின் திறமும் மாறவில்லை. பெயர் ஒன்று மாறியதால் அவனோடு உடனிருந்தோர் பல்லாண்டு அவனை இழிவாகவே நடத்தினர்.

அவனோடு ஒரே கூட்டத்தில் வளர்ந்தவள் பெரி. அவளும் பயிற்சியில் தவறி விஞ்ஞானியர் வகுப்பைச் சேர்ந்தாள். இருவர்க்கும் டயானா என்றொரு மகள் பிறந்தாள். தந்தை மெய்ப்பிறவி, தாய் மெய்ப்பிறவி. குலத்தார் போற்றிக் காத்த அதே மரபணு இருபுறமும் இருந்தது. இருந்தும், இரும்புக் கருப்பையில் பிறவாமல் தாயின் வயிற்றில் பிறந்த குற்றத்தால் டயானா தன்பிறவியே என்று குலத்தார் தீர்ப்புச் சொன்னார்கள். தந்தை டுக்கய்யித்தில் வீரமரணம் எய்தியபின், அவன் வித்தை மட்டும் பெருமையோடு எடுத்துத் தம் சேமிப்பில் வைத்துக்கொண்டார்கள். மகளோ, அவ்வித்தின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொள்ளும் உரிமைக்காக மெய்ப்பிறவிகளோடு களத்தில் நின்று போரிட நேர்ந்தது. நின்றாள், வென்றாள்.