மழையில் அணையும் ஹெட்லைட்: ‘பொடி கொன்ட்ரோல் மொடியூல்’ மாற்றுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் வீதியில், மாலை ஆறரை மணிக்கு, பனிமூட்டத்துக்குள் என் மாமாவின் வேனின் இரண்டு ஹெட்லைட்டுகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. உள்ளே பதினொரு பிள்ளைகள். வைப்பரும் நின்றுவிட்டது. என்ஜின் மட்டும் எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் பள்ளம்.

மறுநாள் கராஜில் சொன்னார்கள்: “பொடி கம்பியூட்டர் போயிருச்சு, மாத்தணும்.” மாமா நகையை அடகு வைத்து, பாவித்த மொடியூல் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தார். அதைப் பூட்டிய பிறகு வேன் ஸ்டார்ட் ஆகவே இல்லை. எட்டு நாட்கள் பாடசாலை ஓட்டம் இல்லை. லீசிங் தவணை மட்டும் நிற்கவில்லை. கடைசியில் வேறொரு இலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முன்கண்ணாடியின் ஓரத்தால் ஒழுகிய மழைநீர் உள்ளே இறங்கி, எர்த் வயர் பூட்டியிருந்த இடத்தில் துருப்பிடித்திருந்தது. அதைச் சுரண்டித் துப்பரவாக்கி, பழைய மொடியூலையே திரும்பப் பூட்டினார்கள். இன்றும் அதுதான் ஓடுகிறது.

அந்த எட்டு நாட்களில் கேட்டும் வாசித்தும் அருகில் நின்று பார்த்தும் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். ஊவாவில் மட்டுமல்ல, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் இதே ஜப்பான் வாகனங்கள்தாம் ஓடுகின்றன. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய எங்கள் சொந்தங்கள் பலருக்கும் இன்று ஒரு வேனோ ஓட்டோவோதான் சீவனம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் ஏ-40 கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை வாசகர்கள் பலர் கண்ணால் பார்த்திருப்பார்கள். அந்த வாகனங்களில் சுவிட்சைப் போட்டால் மின்சாரம் வயர் வழியாக நேரே பல்ப்புக்குப் போகும். வயர் அறுந்தால் முறுக்கிக் கட்டலாம். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறைக்கு அது பெரிய வேலையே அல்ல.

இன்றைய வாகனத்தில் ஹெட்லைட் சுவிட்ச் விளக்கை எரிப்பதில்லை. எரிக்கச் சொல்லிக் கேட்கிறது. அந்தக் கேள்வி போகும் இடம்தான் பொடி கொன்ட்ரோல் மொடியூல், சுருக்கமாக பிசிஎம். உள்ளே ஒரு சிறு கணினி, பக்கத்தில் ரிலேக்கள், மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ட்ரான்சிஸ்டர்கள். ஹெட்லைட், சிக்னல், வைப்பர், ஹோர்ன், கதவுப் பூட்டு, உள்விளக்கு எல்லாம் பெரும்பாலான வாகனங்களில் இதன் கீழ்தான் வருகின்றன. என்ஜினுக்குத் தனிக் கணினி இருக்கிறது. மாமாவின் வேனில் விளக்கு போயும் என்ஜின் ஓடியதற்குக் காரணம் அதுதான். இந்தக் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ‘கேன்’ என்ற முறையை ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. இரண்டே வயர்கள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருக்கும். அதில் ஒன்று பழுதானாலும் சம்பந்தமே இல்லாத பல இடங்களில் கோளாறு தெரியும்.

கம்பனிக்குக் கம்பனி பெயர் மாறும். டொயோட்டா இதை ‘மெயின் பொடி ஈசியு’ என்கிறது. ஹொண்டாவில் ‘எம்ஐசியு’ என்ற பெயரில், டெஷ்போட்டின் கீழுள்ள பியூஸ் பெட்டியோடு சேர்ந்தே இருக்கும். நிசானிலும் சுசூகியிலும் பிசிஎம் என்றே சொல்கிறார்கள். பொதுவாகச் சாரதியின் கால்பக்கத்தில், பியூஸ் பெட்டியை ஒட்டித் தேடினால் கிடைக்கும். முன்கண்ணாடியால் ஒழுகும் தண்ணீர் இறங்குவதும் அந்தப் பக்கத்துக்குத்தான்.

ஊவாவில் ஏன் அடிக்கடி?

பதுளைப் பக்கத்துக்குப் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி வடகீழ்ப் பருவக்காற்றோடு தை மாதம் வரை நீளும். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் அடியில் தண்ணீர் வடியும் துவாரங்கள் உள்ளன. மரத்தடியில் நிறுத்தும் வாகனங்களில் இலைகுப்பை அவற்றை அடைத்துவிடும். வடிய வழியில்லாத நீர் உள்ளே வரும். அப்புத்தளைப் பனியில் விடிய விடிய வெளியே நிற்கும் வாகனத்தில் ஈரம் படிவது இதற்கு மேலதிகம். லயத்துப் பக்கம் நிறுத்தினால் எலிகளும் வயரைக் கடிக்கும்.

மனிதர்கள் செய்யும் சேதமும் குறைவில்லை. பெட்டரி இறங்கிய வேளையில் ஜம்ப் வயரை மாற்றிப் பூட்டுவது, பெட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் அடிப்பது, பனிக்கென்று கூடிய வோட்ஸ் பல்ப்பைப் பழைய வயரிலேயே போடுவது, பாட்டுப்பெட்டிக்கும் அலாரத்துக்கும் கண்ட இடத்தில் வயரை வெட்டி ஒட்டுவது. இவை எல்லாவற்றையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

வாகனங்களுக்கு வயதாகிவிட்டது என்பதும் உண்மை. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதியில், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022இல் ரூபாயின் பெறுமதி விழுந்தபோது உதிரிப்பாகங்களின் விலையும் எகிறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை மண்சரிவாலும் வெள்ளத்தாலும் சிதைத்தது. அதன்பின் பழைய வாகனம் வாங்குகிறவர்கள் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்கத்தான் வேண்டும். கீழே சேறு உலர்ந்த தடமும், இருக்கையின் இரும்பில் புதுத் துருவும் இருந்தால், அந்த வாகனத்தின் மொடியூல்கள் பல மாதம் கழித்தும் உயிரை விடலாம்.

பழுது மொடியூலில்தானா?

பணம் வீணாவது இந்த இடத்தில்தான்; ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். விளக்கு தானாக எரிந்து அணைவது, வைப்பர் சொல்பேச்சுக் கேட்காதது, கதவு தானாகப் பூட்டுவது, காலையில் பெட்டரி வெறுமையாகக் கிடப்பது ஆகியவை பிசிஎம் பழுதின் அடையாளங்கள்தாம். ஆனால் இதே அடையாளங்கள் இறங்கிய பெட்டரியாலும் துருப்பிடித்த எர்த்தாலும் வரும்.

முதலில் பெட்டரி. வாகனம் ஓய்ந்திருக்கும்போது நல்ல பெட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை வரவேண்டும். அடுத்தது எர்த். விளக்குகளைப் போட்டுவிட்டு, மீற்றரின் ஒரு முனையை பெட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை மொடியூலின் எர்த் வயரிலும் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மாமாவின் வேனில் இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் நகை வீட்டிலேயே இருந்திருக்கும். பியூஸைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பது போதாது; டெஸ்ட் லாம்பால் அதன் இரண்டு முனைகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு மொடியூலின் ப்ளக்கைக் கழற்றி உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதன்பின் ஸ்கேனர். கைப்பேசியோடு இணையும் மலிவான கருவிகள் பெரும்பாலும் என்ஜின் கோளாறுகளை மட்டுமே வாசிக்கும். “ஸ்கேன் பண்ணியாச்சு, ஒன்றும் இல்லை” என்று யாராவது சொன்னால், எந்தக் கருவியால் என்று கேளுங்கள். பொடி கோளாறுகள் ‘பி’ என்ற எழுத்திலும், மொடியூல்களுக்கு இடையிலான தொடர்புக் கோளாறுகள் ‘யு’ என்ற எழுத்திலும் தொடங்கும். ‘யு 0140’ என்று வந்தால் மற்றக் கணினிகளுக்கு பிசிஎம்மோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். பிசிஎம் செத்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. அதற்கு மின்சாரம் போகாவிட்டாலும் இதே இலக்கம்தான் வரும்.

தீர்மானிக்கும் சோதனை வேறு. நல்ல ஸ்கேனரில் சுவிட்ச் போட்டது மொடியூலுக்குத் தெரிகிறதா என்று திரையில் பார்க்கலாம். ஸ்கேனரிலிருந்தே விளக்கை எரியச் சொல்லிக் கட்டளையும் கொடுக்கலாம். கட்டளைக்கு விளக்கு எரிந்தால் மொடியூலின் வெளிப்பக்கம் நலம். கோளாறு சுவிட்ச் பக்கம். சுவிட்ச் தெரிகிறது, மின்சாரமும் எர்த்தும் பியூஸும் சரி, ஆனாலும் மொடியூலின் முனையில் கட்டளை வெளியே வரவில்லை என்றால் மட்டுமே பிசிஎம்மைக் குற்றம் சொல்லலாம்.

இரவோடிரவாக பெட்டரி இறங்கும் வாகனத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிவிட்டு, ஒரு மணித்தியாலம் பொறுத்து, பெட்டரியிலிருந்து போகும் மின்னோட்டத்தை அளந்தால் சாதாரணமாக 50 மில்லிஅம்பியருக்குள் இருக்கும். கூடினால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதில் குறைகிறது என்று தேட வேண்டும். பிசிஎம் தூங்க மறுப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அலாரமும் பாட்டுப்பெட்டியும் அதைவிட அதிகமாக அகப்படும்.

மாற்றும்போது

மாற்றுவதற்கு முன் திருத்த முடியுமா என்று கேளுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டதும் ஈய ஒட்டு வெடித்ததும் கைதேர்ந்த எலக்ட்ரோனிக்ஸ் திருத்துநரிடம் சரியாகிவிடக் கூடியவை. தண்ணீர் தின்ற பலகைக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

பாவித்த மொடியூலுக்குப் பலரும் போவது கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு. வாகனத்தின் பெயரையும் ஆண்டையும் சொல்லி வாங்க வேண்டாம். ஒரே மொடலில் ஸ்மார்ட் கீ உள்ளதற்கு ஒன்று, இல்லாததற்கு இன்னொன்று என்று இருக்கும். பழையதன் லேபலைப் படம் எடுத்து, இலக்கத்தின் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பதாக பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிய மாமாவின் மொடியூல் இன்னும் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.

இலக்கம் பொருந்தினாலும் பூட்டியவுடன் வேலை செய்யும் என்றில்லை. சாவியை அடையாளம் காணும் இமொபிலைசர் சில வாகனங்களில் தனிப்பெட்டியாக இருக்கும். நிசானின் பல மொடல்களில் பிசிஎம்மோடு சேர்ந்தது. அங்கே வேறு வாகனத்தின் பிசிஎம்மைப் பூட்டினால் உங்கள் சாவி அதற்கு அந்நியம். என்ஜின் உயிர்பெறாது. ஆகவே பழைய மொடியூல் இன்னும் பேசுகிற நிலையில் இருந்தால், கழற்றுவதற்கு முன்பே அதிலுள்ள அமைப்புத் தரவுகளை ஸ்கேனரால் வாசித்துச் சேமிக்க வேண்டும். வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளையும் கராஜுக்குக் கொண்டுபோங்கள்; பதியும்போது முன்னால் இல்லாத சாவி பிறகு வேலை செய்யாமல் போகலாம். கோடிங் செய்யும் கருவி கராஜில் இருக்கிறதா என்பதை மொடியூலுக்குப் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றும் வேலை அவ்வளவு கடினமல்ல. சாவியை அணைத்து, பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். எயார்பேக்கின் மின்சாரம் வடிய நேரம் கொடுக்க வேண்டும். டொயோட்டா குறைந்தது 90 விநாடி என்கிறது, ஐந்து நிமிடம் பொறுத்தால் நட்டமில்லை. மஞ்சள் நிற ப்ளக்குகள் எயார்பேக்குக்குரியவை, அவற்றில் கை வைக்க வேண்டாம். ஹைபிரிட்டில் செம்மஞ்சள் நிற வயர் உயர் மின்னழுத்தம். பயிற்சி பெற்றவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. ப்ளக்குகளைக் கழற்றும் முன் படம் எடுத்துக்கொண்டு, பூட்டை அழுத்தி இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கோடிங் நடக்கும்போது பெட்டரி இறங்கினால் புது மொடியூலும் பாழாகலாம். அந்த நேரத்தில் சீரான மின்சாரம் தரும் சார்ஜர் ஒன்றைப் பூட்டிவைப்பார் விஷயம் தெரிந்தவர்.

பூட்டிய பிறகு ஹெட்லைட்டின் இரு நிலை, நான்கு சிக்னல், பிரேக் லைட், வைப்பரின் ஒவ்வொரு வேகம், ஹோர்ன், எல்லாக் கதவு, எல்லாச் சாவி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடுத்து முன்கண்ணாடி மேல் பத்து நிமிடம் தண்ணீர் அடித்துவிட்டு, கால்பக்கத் தரைவிரிப்பைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஒழுக்கை அடைக்காமல் வாகனத்தை வெளியே எடுக்க வேண்டாம்.

வீதியில் அணைந்தால்

அன்று மாமா ஒருவரைக் கைப்பேசி வெளிச்சத்துடன் முன்னால் நடக்கவிட்டு, ஒரு கிலோமீற்றரை முக்கால் மணி நேரத்தில் கடந்தார். ஊரில் அதைத் திறமையென்று பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பகல் வெளிச்சத்திலேயே பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த வீதிகள் இவை. விளக்கு அணைந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, பிள்ளைகளை வீதியிலிருந்து விலகிய இடத்துக்கு இறக்கி, வேறு வாகனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். நான்கு சிக்னல்களையும் எரியவிட முயன்று பாருங்கள், ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம். பல வாகனங்களில் அவையும் இதே பெட்டிக்குக் கட்டுப்பட்டவைதான். பெட்டரியில் ஓடும் டோர்ச் இரண்டும் ஒளி தெறிக்கும் முக்கோணம் ஒன்றும் இப்போது மாமாவின் ஆசனத்துக்கு அடியில் இருக்கின்றன.