கியர்பாக்ஸுக்குள் ஒரு திமிங்கலம்

ஆட்டோமேட்டிக் கார் வாங்கின நண்பர்கள் என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு: "கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பா இருந்தா போதும்தானே?" இன்னைக்கு எபிசோட் அதுக்கான பதில்தான். கொஞ்சம் சுத்தி, கடல் வழியா வரும்.

1939 அக்டோபர். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், தன்னுடைய 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் ஹைட்ரா-மேட்டிக் என்ற கியர்பாக்ஸைக் கொண்டு வந்தது. கிளட்ச் பெடலே கிடையாது. என்ஜினின் சுழற்சியைக் கடத்துவது, வால்வுகளை இயக்கிக் கியர் மாற்றுவது, சூட்டை வெளியே கொண்டு போவது என எல்லாத்துக்கும் ஒரே எண்ணெய்.

இதுல ஒரு சிக்கல். பற்சக்கரங்களுக்கு அந்த எண்ணெய் வழுக்கணும். அதே எண்ணெயில் ஊறிக் கிடக்கிற கிளட்ச் பிளேட்டுகளோ ஒண்ணையொண்ணு பிடிக்கணும். அதுவும் குலுக்கல் இல்லாம பிடிக்கணும். 1949ல் ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கென்று 'டைப் ஏ' என்ற தர வரையறையை வெளியிட்டது. மற்ற கம்பெனிகளும் அதையே பயன்படுத்தின.

அந்தக் காலத்து எண்ணெயில், பிடிப்பை மென்மையாக்கச் சேர்த்த பொருள் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய். அம்பர்கிரிஸ் கடத்தல்னு செய்தி வருமே, அதே திமிங்கலம்தான். வேதியியல்படி அது திரவ மெழுகு. சூட்டையும் அழுத்தத்தையும் நல்லா தாங்கும்.

1967ல் கதை இரண்டாகப் பிரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 'டெக்ஸ்ரான்' கொண்டு வந்தது: பிடிப்பு மெதுவா, மென்மையா இருக்கும். அதே ஆண்டு ஃபோர்டு 'டைப் எஃப்' கொண்டு வந்தது: பிளேட் சட்டென்று, இறுக்கமா பிடிக்கும். ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர் குணம். ஆனா ரெண்டும் சிவப்பு! ஒழுகினால் என்ஜின் ஆயிலா, இதுவான்னு தெரியத்தான் அந்தச் சாயம். டைப் எஃப் கேட்கிற கியர்பாக்ஸில் டெக்ஸ்ரானை ஊற்றினால் கிளட்ச் வழுக்கித் தேயும்.

1970ல் அமெரிக்கா ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினமாக அறிவித்தது. அதன் எண்ணெய் வரும் வழி அடைபட்டது. மாற்றுப் பொருட்களோடு 'டெக்ஸ்ரான் 2' வந்தது. ஒரு பொருளை எடுத்தா மொத்த ஃபார்முலாவையே திரும்பச் சோதிக்கணும் என்பதை எல்லாரும் கத்துக்கிட்ட காலம் அது.

அப்புறம் டெக்ஸ்ரான் 3, 2005ல் டெக்ஸ்ரான் 6. இதுல நமக்கு முக்கியமான விஷயம்: டெக்ஸ்ரான் 3க்கான லைசென்ஸ்களை ஜெனரல் மோட்டார்ஸ் 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. இன்னைக்கும் கடையில் "டெக்ஸ்ரான் 3க்கு ஏற்றது"ன்னு எழுதின பாட்டில் கிடைக்கும். அது தயாரிப்பாளர் தரும் வாக்கு மட்டும்தான். ஜெனரல் மோட்டார்ஸ் சோதித்து அனுமதித்தது கிடையாது.

அதனால நான் சொல்றது இதுதான். வாங்கும்போது நிறத்தையும் பிராண்டையும் விட்டுடுங்க. காரின் மேனுவலில் உள்ள தரப் பெயர் பாட்டிலில் அப்படியே இருக்கான்னு பாருங்க. சிவிடி என்றால் அதற்கான தனித் திரவம். ஏஎம்டி என்றால் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். அதுக்கு வேற ஆயில்.

லெவல் பார்க்கிறதுக்கும் மேனுவல்தான் வழி. டிப்ஸ்டிக் உள்ள பல கார்களில் சமதளத்தில், சூடான என்ஜின் ஓடிக்கிட்டிருக்கும்போதே பார்க்கணும். சில கம்பெனிகள் அணைத்த பிறகு பார்க்கச் சொல்லும். புதிய கார்கள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் பார்க்க முடியும். திரவம் கறுத்து, கருகின வாசனை வந்தா தள்ளிப்போடாதீங்க.

சிவப்பு, எங்கே ஒழுகுதுன்னு மட்டும்தான் சொல்லும். உள்ளே என்ன இருக்குன்னு சொல்றது அந்தத் தரப் பெயர்தான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.