எம்டனின் பீரங்கி

சிட்னி நகரத்து ஹைட் பார்க்கின் தென்கிழக்கு மூலையில், ஆக்ஸ்போர்டு தெருவும் காலேஜ் தெருவும் சந்திக்கும் இடத்தில், ஒரு பழைய பீரங்கி நிற்கிறது. அதன் வாய் பத்தரை சென்டிமீட்டர் அகலம். அந்தப் பக்கம் போகும் சென்னைக்காரர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்ட எம்டன் கப்பலில் இருந்த பத்துப் பீரங்கிகளில் அதுவும் ஒன்று.

இன்று போலந்தில் இருக்கும் க்டான்ஸ்க், அன்று டான்ஸிக் என்ற ஜெர்மன் துறைமுகம். 1908-ல் எம்டன் அங்கேதான் நீரில் இறங்கியது. பிறகு சீனக் கடற்கரையில், ஜெர்மனி வசமிருந்த சிங்தாவில் நிறுத்தப்பட்டது. உலகப் போர் மூண்டதும் அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர், தனியாக இந்தியப் பெருங்கடலுக்குப் போக அனுமதி வாங்கிக்கொண்டார். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். பிரிட்டிஷ் கப்பல் என்று நம்பவைக்க, கித்தான் துணியில் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டுதான் அது வங்கக் கடலுக்குள் வந்தது.

இரவு ஒன்பதரை மணி வாக்கில் சென்னைத் துறைமுகத்தின் மீது விளக்கொளி பாய்ந்தது. அடுத்த அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஒரு குண்டு உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் விழுந்தது. குறைந்தது ஐந்து பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் முதல் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். கப்பல் போய்விட்டது, பேர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. “அவன் பெரிய எம்டனாச்சே, ஏமாற்ற முடியுமா?” என்று இன்றும் சொல்கிறோம்.

அக்டோபர் கடைசியில் பினாங்கில் இரண்டு போர்க்கப்பல்களை மூழ்கடித்துவிட்டு, நவம்பர் 9 காலை கோகோஸ் தீவுக்குப் போனது எம்டன். அங்கிருந்த தந்தி நிலையத்தை அழிப்பது திட்டம். நிலையத்தார் அந்த நான்காவது புகைபோக்கி பொய் என்று கண்டுகொண்டு, உடனே கம்பியில்லாத் தந்தியில் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல் வரிசைக்குக் காவலாகப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘சிட்னி’ விரைந்து வந்தது.

முதலில் அடி கொடுத்தது எம்டன்தான். அதன் குண்டு ஒன்று ‘சிட்னி’யின் தூரமளக்கும் கருவியில் விழுந்து, அதை இயக்கியவரைக் கொன்றது. ஆனால் எம்டனின் குண்டு சுமார் 16 கிலோ. ‘சிட்னி’யின் குண்டு 45 கிலோ. இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. பீரங்கிகளை இயக்க ஆளில்லாமல் போனதும் முல்லர் கப்பலை வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறை மீது ஏற்றி நிறுத்தினார். எம்டனில் இறந்தவர்கள் 130 பேருக்கு மேல். ‘சிட்னி’யில் நான்கு பேர்.

அடுத்து நடந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். காயம்பட்ட ஜெர்மானியரையும் ஏற்றிக்கொண்டு ‘சிட்னி’ கொழும்புக்கு வந்தது. துறைமுகத்தில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் நிறைந்த கப்பல்கள் காத்திருந்தன. ஆஸ்திரேலியக் கடற்படையின் முதல் பெரிய வெற்றி அது. ஆனாலும் யாரும் ஆரவாரம் செய்ய வேண்டாம் என்று ‘சிட்னி’யின் கேப்டன் குளோசப் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். குற்றுயிராகக் கிடப்பவர்களின் காதில் அந்தச் சத்தம் விழக்கூடாது என்பதுதான் காரணம். கப்பல் மௌனத்தின் நடுவே உள்ளே வந்தது.

பாறையில் கிடந்த கப்பலிலிருந்து கழற்றிய பீரங்கி சிட்னி நகருக்கு வந்து, 1917 டிசம்பர் 21 அன்று பூங்காவில் திறந்துவைக்கப்பட்டது. எந்தக் கப்பலின் குண்டுகள் அந்த நான்கு மாலுமிகளைக் கொன்றனவோ, அதன் பீரங்கியே அவர்களுக்கு நினைவுச்சின்னமானது. எம்டனின் பெயர்ப்பலகையை ஆஸ்திரேலியா 1933-ல் ஜெர்மனிக்கே திருப்பிக் கொடுத்தது. பிழைத்த ஜெர்மன் மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ள அனுமதி பெற்றார்கள். எஞ்சிய கப்பலை 1950-களில் ஒரு ஜப்பானிய நிறுவனம் உடைத்து இரும்பாக எடுத்துப்போனது.

சென்னை உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. எம்டன் சுட்டதையும் குண்டு விழுந்த இடத்தையும் அது சொல்கிறது. செத்தவர்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அவர்கள் சண்டைக்குப் போனவர்கள் அல்ல, துறைமுகத்தில் இருந்தவர்கள். அடித்தவனின் பேரை நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற ஊர், செத்தவர்களுக்கும் அந்தச் சுவரில் ஒரு கல் வைக்க வேண்டும்.