பிள்ளைக்குத் துணை பெற்றார். பெற்றாருக்குத் துணை யார்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முன்பள்ளி தேடும் பெற்றார் வழக்கமாக மூன்று விடயங்களைக் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுப்பார்களா? மாதக் கட்டணம் எவ்வளவு? முதலாம் தரத்துக்கு எந்தப் பாடசாலை கிடைக்கும்? அழும் பிள்ளையை அங்கே யார் தூக்குவார்கள், பிள்ளைகள் சேர்ந்து விளையாட எவ்வளவு நேரம் கொடுப்பார்கள் என்று யாரும் கேட்டு நான் கண்டது மிகக் குறைவு. ஆனால் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் ஒரு பிள்ளை கற்கவேண்டிய பெரிய பாடம் இந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கிறது.

உளவியலாளர்கள் அதைச் சமூகத் திறன் என்கிறார்கள். தன் முறை வரும்வரை காத்திருப்பது, பொம்மையைப் பறிக்காமல் கேட்டு வாங்குவது, கோபம் வந்த பிறகு அமைதிக்குத் திரும்புவது, இன்னொரு பிள்ளை அழுவதைக் கவனிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். குழப்படி இல்லாமல் மூலையில் அமர்ந்திருக்கும் பிள்ளையை நாம் நல்ல பிள்ளை என்கிறோம். சில பிள்ளைகள் இயல்பாகவே அமைதியானவர்கள். வேறு சிலரோ பயத்தினால் அமைதியாக இருக்கிறார்கள்.

ஒட்டிக்கொள்வதும் பிணைப்பும்

இந்தத் திறன் முதலில் வீட்டிலேயே வளர்கிறது. பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் போல்பி, உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் எழுதிய அறிக்கையில், சிறுபிள்ளைக்கு உணவைப் போலவே நிலையான பாச உறவும் அவசியம் என்று வாதிட்டார். 1950களில் உகண்டாவின் கிராமங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் அவதானித்த மேரி எயின்ஸ்வேர்த், தாயிடம் நம்பிக்கை உள்ள குழந்தை அவரை விட்டு விலகிச்சென்று சுற்றியுள்ளதைப் பார்த்துவிட்டு, பயம் வந்ததும் திரும்பி வருவதைக் கண்டார்.

ஆகவே, எந்நேரமும் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது உறுதியான பிணைப்பின் அடையாளம் ஆகாது. திரும்பிப் போக ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்த பிள்ளைதான் துணிந்து மற்றப் பிள்ளைகளிடம் போகும். அந்த ஆள் தாயாக மட்டுமே இருக்கவேண்டும் என்றில்லை. தந்தை, அம்மம்மா, பெரியம்மா என்று நிலையாக அருகில் இருக்கும் எவரோடும் இந்தப் பிணைப்பு உருவாகலாம்.

போர் வீட்டுக்குள் வரும் வழி

இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் சிறுவர் இல்லங்களை நடத்திய அனா பிராய்டும் டொரத்தி பேர்லிங்ஹாமும், குண்டுவீச்சை விடக் குடும்பத்தைப் பிரிந்ததே பல பிள்ளைகளை அதிகம் பாதித்ததை எழுதினார்கள். தாய் பதறாமல் இருந்த இடத்தில் பிள்ளையும் ஓரளவு தாங்கியது.

நம் நாட்டு ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. வடக்கு, கிழக்கில் 9 முதல் 15 வயது வரையான 296 தமிழ் மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு, போர் அனுபவங்களும் தந்தையின் மதுப்பழக்கமும் வீட்டு வன்முறையோடு தொடர்புபட்டிருப்பதைக் கண்டது. 2015இல் வெளியான இன்னோர் ஆய்வு வடக்கில் 7 முதல் 11 வயது வரையான 359 பிள்ளைகளைப் பற்றியது. பெற்றாரின் அன்பையும் கவனிப்பையும் அதிகம் உணர்ந்த பிள்ளைகளிடம் போரும் சுனாமியும் விட்டுச்சென்ற மனச்சோர்வு, ஒதுங்கல் போன்றவை குறைவாக இருந்தன. இவை முன்பள்ளி வயதினரைப் பற்றியவை அல்ல. ஆனாலும் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கின்றன.

2009இல் முன்பள்ளி வயதில் இருந்தவர்கள் இன்று இருபதுகளில் இருக்கிறார்கள். சிலர் பெற்றாராகிவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் போரைக் காணவில்லை. ஆனால் பட்டாசு வெடித்தால் தாயின் கை இறுகுவதை அவர்கள் உணர்கிறார்கள்.

கொழும்பில் குறைந்துபோன கைகள்

கொழும்புத் தமிழருக்கும் இந்த நினைவுகள் உண்டு. 1983 யூலை வன்செயல், இரவுச் சோதனைகள், பொலிஸ் பதிவு எல்லாம் இந்தத் தெருக்களில் நடந்தவை. 2007 யூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட பகுதிகளின் லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது கொட்டாஞ்சேனைப் பெற்றார் மீண்டும் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

ஊரில் ஒரு தாய் களைத்தால் பிள்ளையைத் தூக்கப் பல கைகள் இருந்தன. இங்கே அம்மம்மா கனடாவில், தந்தை கட்டாரில், பக்கத்துக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும் தொடர்மாடி. தனித்துப்போன தாய் பொறுமை இழக்கிறார். அதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. சமூக ஆதரவு என்பது முதலில் பெற்றாருக்குத் தேவை. அங்கிருந்துதான் அது பிள்ளைக்குப் போகிறது.

செய்யக்கூடியவை

முன்பள்ளி வாசலில் பிள்ளைக்குத் தெரியாமல் நழுவாதீர்கள். எப்போது திரும்பி வருவீர்கள் என்பதை, கதை சொல்லி முடிந்ததும், மணி அடித்ததும் என்று பிள்ளைக்குப் புரியும் அளவில் சொல்லுங்கள். சொன்னபடி வாருங்கள்.

'சாப்பிடாவிட்டால் ஆமி வரும், பொலிஸ் பிடிக்கும்' என்று மிரட்டாதீர்கள். நம் வீடுகளில் அது வெறும் பூச்சாண்டி இல்லை.

பழைய நினைவில் அழுதால் மறைக்கவும் வேண்டாம், முழுக் கதையையும் சொல்லவும் வேண்டாம். 'அம்மாவுக்குக் கவலையாக இருக்கு, உன்னுடைய பிழை இல்லை' என்பது போதும். ஏசிவிட்டால் பிறகு அணைத்துச் சமாதானமாகுங்கள். கோபத்திலிருந்து திரும்பி வருவதை பிள்ளை அப்படித்தான் கற்கிறது.

ஒரே மாடியில் இரண்டு குடும்பங்கள் வாரத்தில் ஒரு மாலை மாறிமாறிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு தாய்க்கு ஓய்வும், இரண்டு பிள்ளைகளுக்கு விளையாட்டும் கிடைக்கும்.

பேசிய பிள்ளை பேச்சை நிறுத்தினாலோ, விளையாட்டை முற்றாக விட்டாலோ, வாரக்கணக்கில் தூக்கத்தில் அலறினாலோ, கிளினிக்கில் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளநலப் பிரிவு உண்டு. பெற்றார் தங்களுக்காக 1926 என்ற தேசிய உளநல இலக்கத்தை அழைக்கலாம். பிள்ளை துன்புறுத்தப்பட்டால் 1929ஐ அழையுங்கள்.

அடுத்த முறை முன்பள்ளி பார்க்கப் போகும்போது கட்டணத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: என் பிள்ளை அழுதால் யாரிடம் போகும்? ஆசிரியர் ஒரு பெயரைச் சொன்னால், அந்தப் பள்ளியை நம்பத் தொடங்கலாம்.