2020 கியூஜி என்னும் குறுங்கோள்

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, இந்திய நேரம் 9.38 மணியளவில், தென் இந்துமகா சமுத்திரத்துக்கு மேலே சுமார் 2,950 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்கு 12 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த வேகத்தில் பூமியைக் கடந்து சென்ற குறுங்கோள் இது. நம் தேசத்தின் வடகோடிக்கும் தென்கோடிக்கும் இடைப்பட்ட தூரமே 3,200 கிலோமீட்டருக்கு மேல் என்பதைக் கருதினால் அந்த நெருக்கம் விளங்கும். மோதாமல் அவ்வளவு சமீபத்தில் வந்துபோன குறுங்கோள் வேறொன்று அதுவரை அறியப்படவில்லை; அதே ஆண்டு நவம்பரில் 2020 விடி4 அதனினும் அணுக்கமாய்ச் சென்றது.

அதன் குறுக்களவு மூன்று முதல் ஆறு மீட்டர்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு இரும்பு ஏற்றி வரும் லாரியைவிடப் பெரிதென்று சொல்லவியலாத அக்கல், வாயுமண்டலத்தில் புகுந்திருப்பினும் எரிந்து சிதறியிருக்குமேயன்றிப் பெருஞ்சேதம் விளைவித்திராது. பூமியின் ஆகர்ஷண சக்தியோ அதன் பாதையையே சுமார் 45 பாகை திருப்பிவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்தில் அன்று காலை அண்ணாந்து நோக்கிய எவருக்கும் அது புலப்பட்டிராது. பகலொளி மட்டுமன்று, சூரியன் இருக்கும் திசையிலிருந்து அது வந்ததும் காரணம். தொலைநோக்கிகளும் அத்திசையில் குருடே.

ஆகவே, அது கடந்து ஆறு மணி நேரம் சென்ற பின்னரே, அமெரிக்காவின் பாலோமர் மலையிலுள்ள 48 அங்குலத் தொலைநோக்கி எடுத்த படத்தில் ஒரு கீற்றாக அகப்பட்டது. செயற்கைக்கோள்கள் இழுக்கும் எண்ணற்ற கோடுகளினிடையே அதனை இனங்கண்டவர் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழக மாணவர் குணால் தேஷ்முக். கணிப்பொறி சலித்துக் கொடுத்த படங்களையும் மனிதக் கண் பொறுமையாய்ப் பார்த்தே தீர வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

இவ்வித அன்வேஷணத்தில் சென்னைக்கு நெடிய பாத்தியதை உண்டு. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தலைவராயிருந்த நார்மன் போக்சன், 1861 ஏப்ரல் 17 அன்று ஆசியா என்னும் குறுங்கோளைக் கண்டார். இக்கண்டத்திலிருந்து காணப்பட்ட முதற் குறுங்கோள் அதுவே. பின்னர் 1988இல் காவலூர் வானாய்வகத்தில் வானியலாளர் இராஜமோகன் கண்ட குறுங்கோளுக்குக் கணித மேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. இவ்விரண்டும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உலவுபவை. பூமியை அணுகும் வகையில் முதலாவது, 1898இல் பெர்லினில் காணப்பட்ட ஈரோஸ்.

2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காயப்படுத்திய கல்லும் சூரியன் பக்கமிருந்தே வந்தது. சூரியன் இருக்கும் திசையில் தொலைநோக்கிகளுக்குள்ள குறையை ஓரளவேனும் நீக்குதற்பொருட்டே, வெப்பக்கதிர்களைக் கொண்டு தேடவல்ல நியோ சர்வேயர் என்னும் விண்வெளித் தொலைநோக்கியை நாசா நிர்மாணித்து வருகிறது.